மெழுகுக் கட்டிக்கு ஒரு கபுறு

மிஹ்லாருக்கு அறிவில்லை என்று எத்தாளை ஊரில் ஒருத்தரும் சொன்னதில்லை. அறிவு கூடிப்போய்த்தான் அன்றைக்கு அப்படியொரு வேலை பார்த்துவிட்டு வந்து, பெண்சாதி முன்னால் நின்றான்.

"அடக்கிட்டன்" என்றான்.

ஸுலைஹா கதிரையில் நிமிர்ந்தாள். "எதை?"

"உன்ட சதையை."

அவளுக்குக் கருப்பை வாயில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் வெட்டியெடுத்த துணுக்கை மெழுகில் பதித்து, பேரீச்சம்பழமளவு கட்டியாக்கி வைத்திருந்தார்கள். புதிதாக ஒரு மருந்து வந்திருக்கிறது, எல்லோருக்கும் வேலை செய்யாது, அந்தச் சதையில் அதற்கான அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுக்கலாம் என்றார் டொக்டர். அந்தச் சோதனை கொழும்பில். கொண்டுபோக வாகனமில்லையாம், புருசனே கொண்டுபோகட்டுமாம். வேறு துண்டும் கிடையாது. இன்னொரு முறை வெட்டினால் இரத்தம் நிற்காது.

இந்த மகராசன் என்ன செய்தான்? உடம்பிலிருந்து வெட்டினதை மண்ணில் அடக்க வேண்டும் என்று மதரஸாவில் ஓதப்போன காலத்தில் கேட்டது ஞாபகம் வந்து, பஸ் ஏறாமல், செத்தவர்களை அடக்கும் மையவாடிக்குப் போய்விட்டான். வெள்ளைத் துணியில் சுற்றி, முழங்கை ஆழத்தில் குழி வெட்டி, தலைமாட்டில் பேர் எழுதின மீசான் கட்டையும் நட்டிருக்கிறான்.

"யா அல்லாஹ்! நான் உசிரோட இருக்கிறன், எனக்கு மீசானா?"

"முழுசா இல்லையே. ஒரு துண்டுக்குத்தானே."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொழும்பில் கொடுத்த திகதி நாளைக்கு. தவறினால் அடுத்தது மூன்று மாதம் கழித்து. அந்த மூன்று மாதத்தைப் பற்றிக் கேட்டபோது டொக்டர் மேசையைப் பார்த்தது அவளுக்குத்தான் தெரியும்.

மையவாடிக்குப் பொறுப்பு நெய்னார். அவர் வீட்டுக்கு ஓடினாள்.

"மூடின கபுறை லேசில திறக்க ஏலாது தங்கச்சி. மௌத்தானவட வாரிசு எழுதித் தரோணும்."

"மௌத்தானது ஆரு?"

அடக்கினவர்களின் பேர் எழுதிவைக்கிற கொப்பியைப் புரட்டினார். "சித்தி ஸுலைஹா. வயசு நாப்பத்தாறு. ஒரு பகுதி."

"அது நான்தான். நானே எழுதித் தாறன்."

"மௌத்தானவட கையெழுத்து செல்லாதே!"

"அப்ப உசிரோட இருக்கிறன் எண்டு எழுதுங்க."

நெய்னார் மெய்யாகவே யோசித்தார். "எழுதினா, உசிரோட இருக்கிறவளை அடக்கின ஆக்கள் எண்டு எங்களுக்குப் பேராகிரும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டம் போட்டுப் பேசுவம்."

"வெள்ளிக்கிழமை நீங்க பேசுங்க" என்று சொல்லிவிட்டு, அவருடைய முற்றத்தில் கிடந்த மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பொம்பிளைகள் காலடி வைக்காத மையவாடி. வாசலில் நின்ற நாலு பேர் தடுக்கவா விடவா என்று தெரியாமல் ஸலாம் சொன்னார்கள். பின்னால் கொப்பியோடு நெய்னார், அவருக்குப் பின்னால் மிஹ்லார். மீசான் கட்டையில் தன் பேர் அழகாக எழுதியிருந்ததைப் பார்த்தபோதுதான் அவளுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெட்டினாள். அடிவயிறு சுண்டி இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள்.

துணி நனைந்திருந்தது. உள்ளே கட்டி அப்படியே இருந்தது. முந்தானையால் மண்ணைத் துடைத்தாள்.

"இப்ப நான் கொப்பியில என்னத்தை எழுத?" என்று புலம்பினார் நெய்னார்.

மிஹ்லார் மணலில் குந்தியிருந்து விம்மிக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வருசத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

"ஓதினதுக்காக மட்டும் அடக்கல்ல" என்றான். "ஒரு துண்டைக் குடுத்திட்டா மௌத்து அதோட போயிரும், மிச்சத்தை எனக்கு விட்டுரும் எண்டு நெனச்சன்."

ஸுலைஹா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவனுடைய உள்ளங்கையை விரித்துக் கட்டியை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"இந்தத் துண்டும் உங்களுக்குத்தான். இறுக்கிப் பிடிங்க" என்றாள். "பஸ்ஸுக்கு நேரமாகுது."