எட்டுச் சில்லு வீடு

எங்கள் வீடு வீதியால் வந்தது. பகிடி இல்லை. மே மாதத்து நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, முன்னுக்கு மஞ்சள் விளக்குச் சுழற்றிக்கொண்டு ஒரு வான், அதற்குப் பின்னால் லொறியில் பாதி வீடு, அதற்கும் பின்னால் இன்னொரு லொறியில் மிச்சப் பாதி என்று சுவாமி ஊர்வலம் மாதிரி வந்தது. அன்றைக்கு வட லண்டனில் நின்ற கார் வரிசையை அளந்திருந்தால் ஸ்கொட்லாந்தைத் தொட்டிருக்கும். வரிசையில் நின்ற ஒருவனுக்குத் தாடி வளர்ந்ததை என் கண்ணால் கண்டேன்.

என் மனைவி வசந்தமலரும் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு போனது என் பிழை.

ஹரோவில் எங்கள் வீட்டுக்குப் பதினாலு படிகள். தபால் பிரிக்கும் நிலையத்தில் இருபத்தொன்பது வருடம் நின்று உழைத்த என் முழங்கால்களுக்கு அந்தப் படிகள் ஒவ்வொரு வருடமும் இரண்டிரண்டாகக் கூடிக்கொண்டே போயின. அதனால் அந்த வீட்டை விற்றுவிட்டு, லண்டனின் வடக்கு ஓரத்தில் ஓய்வுபெற்றவர்களுக்கான ஒரு மொபைல் ஹோம் தோட்டத்தில் இந்த வீட்டை எடுத்தோம். படியே இல்லாத ஒற்றைத் தட்டு. படப் புத்தகத்தில் பார்க்க நிலத்தில் இருந்து முளைத்த மாளிகை மாதிரி இருந்தது. சுவரின் கீழ் விளிம்பில் இருந்து புல் வரைக்கும் வெள்ளையாக ஒரு மறைப்பு. ஸ்கர்ட்டிங் என்பார்கள், வினைல் பிளாஸ்டிக் தகடுகள். அதைத் தனியாக வாங்கி நாங்களே பூட்ட வேண்டும் என்று படத்துக்குக் கீழே எறும்பின் கால் பருமனில் எழுதியிருந்தது. வீடு வந்து இறங்கிய பிறகுதான் அந்த எழுத்து என் கண்ணில் பட்டது.

மறைப்பு இல்லாத வீட்டுக்குக் கீழே வசந்தமலர் குனிந்து பார்த்தாள். ஒரு பாதிக்கு நாலு, மறு பாதிக்கு நாலு, மொத்தம் எட்டுச் சில்லு. கறுத்த ரயர்கள் புல்லுக்குள் வரிசையாகத் தெரிந்தன. அவள் நிமிர்ந்தபோது முகத்தில் இரத்தம் இல்லை.

"சில்லில நிக்கிற வீட்டில நான் பால் காய்ச்ச மாட்டன். மானிப்பாயால ஓடி, சாவகச்சேரியால ஓடி, கொழும்பால ஓடி, ஜேர்மனியில ரெண்டு காம்ப், பிளேஸ்டோவில மூண்டு வீடு. இனி என்னால ஏலாது. இப்ப வீடே ஓடுறதுக்கு ரெடியா நிக்குது."

ஹரோ வீட்டை அந்தக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாளே என்று நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை. நாற்பத்தொரு வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் எடுத்த ஒரே புத்திசாலித்தனமான முடிவு அதுதான்.

பால் காய்ச்சாத வீட்டில் அவள் ஒரு பொழுதும் தங்கமாட்டாள். மகள் லக்‌ஷிகாவின் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். அங்கே பேரப்பிள்ளைகளின் அறையில், நிலத்தில் மெத்தை போட்டுப் படுக்கை. நான் எட்டுச் சில்லுக்கு மேலே தனியாக, பாணும் வாழைப்பழமும் தின்றுகொண்டு கிடந்தேன். கடைசியில் தொலைபேசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். சில்லுகள் கண்ணில் படாதபடி சுற்றிவர அடைத்துக் காட்டினால் வந்து பார்ப்பாள். மனம் ஒப்பினால் காய்ச்சுவாள். ஹைகேற் முருகன் கோயில் ஐயர் நாள் பார்த்துக் கொடுத்தார். வைகாசி கடைசி ஞாயிறு, காலை பத்துப் பன்னிரண்டில் இருந்து பத்து நாற்பத்தெட்டு. அதைத் தவறவிட்டால் ஆனியும் ஆடியும் புது வீடு குடிபூரலுக்கு ஆகாது, ஆவணிதான் என்றார். ஆவணி வரைக்கும் பாணும் வாழைப்பழமும் தின்றால் நான் மரத்தில் ஏறத் தொடங்கிவிடுவேன்.

ஆகவே ஜெராட்டைக் கூப்பிட்டேன்.

ஜெராட் வசந்தமலருக்கு ஏதோ ஒரு வழியில் தம்பி முறை. பாரிசில் ஒன்பது வருடம் இருந்துவிட்டுப் பிளேஸ்டோவுக்கு வந்து குசினி பூட்டுகிற வேலை செய்கிறவர். எதைக் கேட்டாலும் பிரான்சில் செய்திருக்கிறேன் என்பார். ஈபிள் கோபுரத்துக்குக் கடைசி ஆணி அடித்தது தான்தான் என்று இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஸ்கர்ட்டிங் பூட்டியிருக்கிறீரோ என்று கேட்டேன். பிரான்சில் என்றார்.

முதல் சனிக்கிழமை அளந்தோம். வாசற்பக்கம் நிலத்தில் இருந்து சுவர் வரை எழுபது சென்ரிமீற்றர். ஜெராட் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போய், முப்பத்தாறு தகடுகளையும் எழுபதுக்கே வெட்டிவிட்டார். நிலம் சரிவு என்பது இருவருக்கும் பிறகுதான் தெரிந்தது. பின்பக்கம் நாற்பத்தைந்து. அங்கே ஒரு தகட்டை நிறுத்திப் பார்த்தால் ஜன்னலை எட்டிப் பார்த்தது. திரும்ப வெட்டினோம். வெட்டி முடிந்த பிறகு வலப்பக்கத்துக்குத் தகடு போதாமல் போய், புதிதாக எடுப்பித்து வர ஆறு நாள். ஆறு நாளும் மழை. நோவாவின் காலத்துக்குப் பிறகு அப்படி ஒரு மழையை இந்த உலகம் காணவில்லை. கீழ்ச் சட்டத்தைப் பிடிக்க நிலத்தில் அடித்த ஆணிகள் ஒவ்வொன்றாக மிதந்து மேலே வந்தன. ரசமட்டத்தை வைத்தால் அதன் குமிழி வெட்கப்பட்டு ஓர் ஓரத்தில் போய் ஒளிந்துகொண்டது.

மே மாதம் முடிகிற ஒரு குளிர்ந்த காலை, இருவரும் மேலங்கி போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் பூட்டினோம். அப்போதுதான் ஜெராட் பெட்டிக்குள் கிடந்த குறிப்புத் தாளை எடுத்து வாசித்தார். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் கொஞ்சம் இளக்கம் விட வேண்டுமாம். ஸ்க்ரூவை முழுதாக இறுக்காமல் அரைச் சுற்றுத் திருப்பி விட வேண்டுமாம். தகடு ஆடக்கூடியதாக இருக்க வேண்டுமாம்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கள் ஆட்கள் வேலி அடைத்து முடிந்ததும் முதலில் செய்வது, கையால் பிடித்து ஆட்டிப் பார்ப்பது. ஆடினால் அது வேலி இல்லை. அடைத்தவன் அன்றைக்கு வீட்டுக்குச் சாப்பிடப் போக ஏலாது. இதில் வெள்ளைக்காரன் காசு வாங்கிக்கொண்டு ஆடுகிற வேலி விற்கிறான்.

"ஆடினால் அக்கா என்ன சொல்லுவா, அண்ணை?" என்றார் ஜெராட்.

"அக்கா ஒண்டும் சொல்ல மாட்டா. திரும்பிக் காரில ஏறிடுவா. நீர் இறுக்கும்."

இறுக்கினோம். எப்படி இறுக்கினோம் என்றால், ஒரு தகட்டில் தட்டினால் வீட்டைச் சுற்றிப் போய் மற்றப் பக்கத்தால் சத்தம் வந்தது. ஓர் எறும்பு உள்ளே போக வழி தேடி மூன்று முறை வலம் வந்து களைத்துத் திரும்பிப் போனது. பக்கத்து வீட்டு பமீலா நாயோடு வந்து நின்று பார்த்துவிட்டு, வடிவாக இருக்கிறது, ஆனால் வெயில் வந்தால் இது வீங்குமே என்று மெல்லச் சொன்னாள். நான் இந்த நாட்டுக்கு வந்தது எண்பத்தொன்பதில். அன்று தொடக்கம் வெயிலைப் பார்க்கத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்கு விளங்கப்படுத்தி அனுப்பினேன்.

வைகாசிக் கடைசி ஞாயிறு, முப்பத்தைந்து வருடமாக எனக்குக் கடன்பட்டிருந்த வெயில் முழுவதும் ஒரே காலையில் வந்து சேர்ந்தது.

ஒன்பதரைக்கே காகங்கள் நிழல் தேடின. நான் வேட்டி கட்டி, வாசலில் நிறைகுடம் வைத்து, மாவிலைக்குப் பதிலாகப் பமீலாவின் செடியில் கேட்டு ஆய்ந்த இலைகளைத் தோரணமாகக் கட்டிக்கொண்டிருந்தேன். பின்பக்கத்தில் இருந்து 'டக்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் ஒரு தகடு, பலகாரம் கூடச் சாப்பிட்ட ஆளின் வண்டி வயிறு மாதிரி வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. ஜெராட் அதைக் காலால் உள்ளே தள்ளினார். பக்கத்துத் தகடு வெளியே வந்தது. அதைத் தள்ளினார். அடுத்தது வந்தது. பூட்டியபோது விரிவதற்கு ஒரு நூல் இடமும் விடாததால், வீங்கின தகடுகளுக்குப் போக வெளியைத் தவிர வேறு வழி இல்லை. ஸ்க்ரூவைத் தளர்த்துவோம் என்று ட்ரில்லை எடுத்தால், அதில் சார்ஜ் இல்லை. கையால் திருப்பினால், நாங்கள் இறுக்கின இறுக்கில் ஸ்க்ரூவின் தலைதான் கழன்று வந்தது.

பத்து ஐந்துக்கு லக்‌ஷிகாவின் கார் வந்து நின்றது. வசந்தமலர் கூறைச் சேலையோடு இறங்கினாள். ஒரு கையில் புதுப் பானை, மற்றக் கையில் பால். நேரே வாசலுக்கு வராமல், வீட்டைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்றாள். அதற்குத்தானே வந்தாள்.

முன்பக்கம் நிழல். தகடுகள் மரியாதையாக நின்றன. அவள் ஒன்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள், ஆடவில்லை. தலையை ஒருக்கால் அசைத்தாள். எனக்கு அந்த நேரம் நொபெல் பரிசு தந்திருந்தாலும் பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருப்பேன். அவள் வலப்பக்கம் திரும்பினாள். அங்கே ஜெராட் வீங்கின மூன்று தகடுகளுக்குக் காலால் முட்டுக்கொடுத்து, வெயில் காய்கிற ஆள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாங்கோ அக்கா என்றார். நகரவில்லை. நான் ஓடிப்போய் வீங்கி நின்ற மற்ற இரண்டு தகடுகளுக்கு முன்னால் வேட்டியை அகட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் ரெண்டு பேரும் உதில நிக்கிறியள்?" என்றாள்.

காற்று நல்லாக இருக்கிறது என்றேன். இலை ஒன்றும் அசையவில்லை. என் பின்னால் அந்தத் தகடு மெல்ல மெல்ல என்னை முன்னுக்குத் தள்ளியது. அறுபத்தெட்டு வயதில் ஒரு பிளாஸ்டிக் தகட்டோடு மல்லுக்கட்டித் தோற்ற முதல் தமிழன் நானாகத்தான் இருக்க வேண்டும். 'படார்' என்று அது கழன்று என் காலுக்கு நடுவால் போய் அவள் காலடியில் விழுந்தது. அது விழ அடுத்தது, அதற்கடுத்தது. ஜெராட் விலகிக்கொண்டார். வலப்பக்கம் முழுவதும் சீட்டுக்கட்டு மாதிரிச் சரிந்து, நாலு கறுத்த ரயர்களும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன.

லக்‌ஷிகா கைபேசியைப் பார்த்து, பத்துப் பதினெட்டு என்றாள். மூன்று கிழமை வேலையும், இரண்டு தரம் வெட்டின தகடும், என் முழங்காலும் அந்தப் புல்லில் கிடந்தன. இனி ஆவணி என்று நான் முடிவெடுத்துவிட்டேன்.

வசந்தமலர் பானையையும் பாலையும் மகளிடம் கொடுத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். குனிந்தாள். முழங்காலில் இருந்தாள். பிறகு கூறைச் சேலையோடு வீட்டுக்குக் கீழே போய்விட்டாள்.

இவளுக்கு விசர் பிடித்துவிட்டது, நான்தான் பிடிக்க வைத்தேன் என்று நினைத்தேன். நானும் குனிந்தேன். இருட்டில் அவள் ஒரு ரயரில் கை வைத்துக்கொண்டு இருந்தாள். கையை இழுத்தாள். ரயர் சுற்றியது. சும்மா, காற்றாடி மாதிரி.

"இது ஏன் சுத்துது?" என்று கீழே இருந்து கேட்டாள்.

"அது அந்தரத்தில நிக்குது, அக்கா," என்றார் ஜெராட். "கொண்டுவந்து இறக்கின அண்டைக்கே கட்டைத் தூண் கட்டி அதுக்கு மேல வீட்டை ஏத்திப்போட்டாங்கள். பாரம் முழுக்க தூணில. சில்லு நிலத்தில படேல்ல."

"ஒண்டும் படேல்லையோ?"

"ஒண்டும் படேல்ல."

அவள் நம்பவில்லை. தவழ்ந்து தவழ்ந்து எட்டுச் சில்லையும் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தாள். பிறகு தூண்களை எண்ணத் தொடங்கினாள். இருபத்திரண்டு. ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். இருபத்திரண்டும் ஆடவில்லை. லக்‌ஷிகா பத்து முப்பத்தொன்று என்றாள். முப்பத்தாறு என்றாள். நான் குனிந்தபடியே நின்றேன், நிமிர என் முதுகு விடவில்லை.

தலையில் சிலந்தி வலையும் சேலையில் சேறுமாக வெளியே வந்தவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்தத் தகடுகள் இன்னும் கொஞ்சம் வளைந்தன.

"உங்களுக்கு இது தெரியுமோ?"

"தெரியும்."

"பிறகேன் எனக்குக் காட்டேல்ல?"

"நீர் சில்லைப் பாத்துப் பயப்பிடுவீர் எண்டுதான் மூடினனான்."

"மூண்டு கிழமை பிள்ளையளின்ர அறையில நிலத்தில படுத்து என்ர இடுப்பு முறிஞ்சு போச்சு. ஒருக்கா குனிஞ்சு இதைச் சுத்திக் காட்டியிருந்தால் அண்டைக்கே காய்ச்சியிருப்பன்."

மூன்று கிழமையாக மழையிலும் குளிரிலும் நின்று, அவள் பார்க்க வேண்டிய ஒன்றை அவள் பார்க்காதபடி நான் அடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதையும் சரியாக அடைக்கவில்லை.

அவள் பாலை வாங்கிக்கொண்டு வலது காலை வைத்து உள்ளே போனாள். பால் பொங்கியது பத்து நாற்பத்தேழுக்கு. லக்‌ஷிகா பத்து ஐம்பத்திரண்டு என்று இன்றைக்கும் சாதிக்கிறாள். என் மணிக்கூட்டில் நாற்பத்தேழு, இந்த வீட்டில் என் மணிக்கூடுதான் செல்லும்.

அந்தப் பாலில் பொங்கின புக்கையைச் சாப்பிட்டு முடிந்ததும் வசந்தமலர் ஜெராட்டைக் கூப்பிட்டு, தகடுகளைத் திரும்பப் பூட்டும்போது சில்லுக்கு நேரே ஒரு சின்னக் கதவு வேண்டும் என்றாள். நினைத்த நேரம் தான் திறந்து சுற்றிப் பார்க்க வேண்டுமாம். அப்படி ஒரு கதவு இந்தப் பெட்டியில் வராது, தனியாக எடுப்பிக்க வேண்டும், இரண்டு கிழமை ஆகும் என்றார் ஜெராட். முப்பத்தாறு தகட்டையும் கழற்றி, இந்த முறை இளக்கமாகப் பூட்டவும் வேண்டும் என்றார். என் முழங்கால்கள் இரண்டும் ஒரே நேரத்தில் வலித்தன.

"அவசரமில்லை, ஆறுதலாப் பூட்டுங்கோ," என்றாள் வசந்தமலர். பிறகு மகளைப் பார்த்து, "பின்னேரம் வரேக்க என்ர உடுப்புப் பெட்டியையும் கொண்டு வா. மெத்தையைப் பிள்ளையளுக்கு விடு," என்றாள்.