இரண்டாவது பட்டன்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நம்ம கதையின் அக்காக்காரி கையில் ஒரு கத்தரியைக் கொடுத்து, "இது கம்பெனி சொத்து, தொலைக்கக் கூடாது" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கத்தரியை வைத்துக்கொண்டு அவள் நாள் பூராவும் செய்ய வேண்டியது என்ன தெரியுமா? புத்தம்புதுத் துணியை வெட்டிப் போடுவது. கத்தரி தொலைந்தால் குற்றமாம், புதுக் கோட்டு, சட்டையை வெட்டினால் குற்றமில்லையாம். என்ன கணக்கோ போங்கள்.

ஊர்ச் சனம் போனைத் தடவித் தடவித் துணி வாங்குகிறதா, அதில் பாதியைத் திருப்பி அனுப்புகிறது. அளவு சரியில்லை, படத்தில் பார்த்த கலர் இல்லை, இல்லாவிட்டால் சும்மாவே மனசு மாறிவிட்டது. அப்படித் திரும்புவதெல்லாம் இந்தத் தகரக் கொட்டகைக்குத்தான் வந்து சேரும். இருபத்திநாலு மேசை, மேசைக்கு ஒரு பெண்பிள்ளை. பொட்டலத்தைப் பிரிக்கணும், காலரைத் திருப்பிப் பார்க்கணும், பட்டனை எண்ணணும், அக்குளில் மூக்கை வைத்து மோந்து பார்க்கணும், அப்புறம் ஸ்கேன் பண்ணணும். திரையில் பச்சை வந்தால் மடித்து மறுபடி விற்பனைக்கு. சிவப்பு வந்தால் கத்தரி. இஸ்திரி போட்டுப் புது உறையில் போடுகிற செலவுக்கே கட்டாத சாமான் என்றால் சிவப்பு. யாரோ போட்டுக் கழற்றின அடையாளம் இருந்தாலும் சிவப்பு. வெட்டாமல் அப்படியே போட்டால் எவனாவது பொறுக்கிப் போய்ப் பாதி விலைக்கு விற்பான், கம்பெனி பேர் கெட்டுப்போகும். இதைச் சொன்னது சூப்பர்வைசர். அவருக்குப் பேர் ஏதோ இருக்கிறது, கொட்டகையில் எல்லோருக்கும் அவர் மீசைதான்.

வெட்டினது எங்கே போகிறது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எரிக்கிறார்கள் என்பாள் ஒருத்தி. லாரிக்காரர் மட்டும், ஊருக்கு வெளியே பெரிய பள்ளம் இருக்கிறது, தான் கொட்டிக் கொட்டியே அது மேடாகிவிட்டது என்றார்.

முதல் மாதம் அவளுக்குக் கை கூசியது. இப்போது மூணு வருஷம் ஆகிவிட்டது. கை பாட்டுக்கு வெட்டும், மனசு பாட்டுக்கு சாயங்காலம் என்ன சமைக்கலாம் என்று ஓடும்.

இந்த வெட்டு வேலை வீட்டில் யாருக்கும் தெரியாது. வீட்டில் யார் இருக்கிறார்கள், புருஷன் போய் ஆறு வருஷமாகிறது, அவளும் படித்து முடித்த மகளும்தான். "அம்மாவுக்கு என்ன வேலை?" என்று யாராவது கேட்டால் மகள், "தரப் பரிசோதனை" என்று பெருமையாகச் சொல்லும். அக்காக்காரி அதைத் திருத்தவில்லை.

தங்கச்சிக்குக்கூடச் சொல்லவில்லை. ஒரு வயிற்றில் பிறந்தவர்கள், பத்து பைசா மிட்டாயைக்கூடப் பாதியாகக் கடித்துத் தின்றவர்கள். தங்கச்சி ஆற்றங்கரை ஓரமாகக் குடியிருந்தாள். இந்த மழையில் ஆறு வீட்டுக்குள் வந்து, போகும்போது சுவரையும் கொண்டுபோய்விட்டது. ரெண்டு மாதமாக அவளும் புருஷனும் ரெண்டு பிள்ளைகளும் ஒரு பள்ளிக்கூட ஹாலில், போர்வையைத் தட்டியாகக் கட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். மழை போய்க் குளிர் வந்துவிட்டது. பிள்ளைகளுக்காவது யாரோ ஸ்வெட்டர் கொடுத்தார்கள்.

"அக்கா, உன் கம்பெனியில கழிச்சுப்போட்ட கோட்டு ஏதாவது கிடைக்குமா? விடிகாலையில தண்ணி பிடிக்க வரிசையில நிக்கிறேன் பாரு, எலும்பே நடுங்குது" என்று வந்து கேட்டாள்.

அன்றைக்கு மட்டும் அக்காக்காரி முப்பதோ நாற்பதோ கோட்டை வெட்டிவிட்டு வந்திருந்தாள். அதை எந்த வாயால் சொல்வது? "எங்க கம்பெனியில எதுவும் வீணாகாதுடி. திரும்பி வர்றது பூரா மறுபடி விலைக்குப் போயிடும்" என்றாள். தன்னுடைய பழைய ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தாள். முழங்கையில் நைந்துபோன ஸ்வெட்டர். தங்கச்சி அதை அங்கேயே போட்டுக்கொண்டு, "உன் சூடு அப்படியே இருக்குக்கா" என்று சிரித்தாள்.

அடுத்த வாரம் மகளுக்கு ஒரு வேலைக்கு நேர்காணல் வந்தது. மகள் அம்மா கம்பெனியிலேயே ஒரே கருநீலக் கோட்டில் ரெண்டு அளவு வரவழைத்தாள். எது பொருந்துகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிவிடலாம் என்று எண்ணம். இந்த மகள் சாதாரணப் பிள்ளை இல்லை. பால் உறையைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்து வைக்கும். கடைக்குத் துணிப்பை இல்லாமல் போனால் அம்மாவை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும். சின்ன கோட்டு அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. பெரியது தொளதொளவென்று தொங்கியது. அதைக் கழற்றும்போது ரெண்டாவது பட்டன் கையோடு வந்துவிட்டது.

"இது சித்திக்கு அப்படியே பொருந்தும்மா. குடுத்துடலாமா?" என்றாள் மகள்.

குடு என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஆனால் அந்தக் கோட்டின் பணம் திரும்பி வந்தால்தான் அந்த மாதத்துக் கரண்டு பில். "திருப்பி அனுப்பிடு. பணம் வேணும். யாராவது வாங்கிக்குவாங்க, வீணாப் போகாது" என்றாள். தங்கச்சிக்குச் சொன்ன அதே பொய்தான், இந்தத் தடவை இன்னும் சரளமாக வந்தது.

"வீணாகாதுன்னா சரி" என்று மகள் உறையைத் தேட, பட்டன் இல்லாமல் போனால் பணத்தைப் பிடித்துக்கொள்வார்களோ என்று அக்காக்காரி ஊசி நூலை எடுத்து உட்கார்ந்தாள். அதே கருநீல நூல். நாலு கண் பட்டன். இறுக்கித் தைத்து, அடியில் சுற்றி, பல்லால் நூலைக் கடித்து, இழுத்தும் பார்த்தாள். மாடே கட்டினாலும் அறாது. நல்ல காரியம் செய்த திருப்தி வேறு.

அனுப்பின மறுநாளிலிருந்து அவள் கண் அவள் மேசையில் இல்லை. கருநீலமாக எது வந்தாலும் திக்கென்றது. கொஞ்சம் விலை கூடின கோட்டுதானே, கட்டாயம் பச்சைதான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பச்சை வந்துவிட்டால் அவள் சொன்னது பொய்யே இல்லை பாருங்கள். யாரோ வாங்கிக்கொள்வார்கள். அந்த ஒரு கோட்டாவது பிழைக்கணும் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

நாலாம் நாள், மத்தியான டீ முடிந்ததும், பக்கத்து மேசையில் அது வந்து இறங்கியது. அந்த மேசைக்காரி முன்னாளில் பள்ளிக்கூட டீச்சர்.

"குடுங்க டீச்சர், இதை நான் பாக்கறேன்."

"ஏண்டி, உன் தாய்வீட்டுச் சீதனமா இது?" என்று சிரித்துக்கொண்டே டீச்சர் ஸ்கேன் பண்ணினாள். பச்சை.

அக்காக்காரிக்கு நாலு நாளைக்கு அப்புறம் மூச்சு ஒழுங்காக வந்தது. கோட்டை மடிக்கக் கையை நீட்டினாள். ஆனால் டீச்சருக்குப் பரீட்சைத் தாள் திருத்தின கண்ணல்லவா. "இரு, இரு. ரெண்டாவது பட்டனைப் பாரு. மத்ததுல எல்லாம் நூல் ரெண்டு நேர்க்கோடு, இதுல மட்டும் பெருக்கல் குறி" என்றாள்.

நேரம் பாருங்கள், அந்தப் பக்கமாகப் போன மீசை நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார். "கையால தைச்சிருக்கு. யாரோ போட்டுப் பிச்சிட்டுத் தைச்சு அனுப்பியிருக்காங்க. சிவப்பு போடுங்க."

"சார், பட்டன்தானே. அது இல்லாமலே வந்திருந்தா?" என்றாள் அக்காக்காரி.

"இல்லாம வந்திருந்தா தயாரிப்புக் குறை. தையல் மேசைக்கு அனுப்பிப் பச்சை போட்டிருப்போம். மறுபடி தைச்சிருந்தா போட்ட துணி. உங்களுக்குத் தெரியாததா இது?"

தெரியும். மூணு வருஷமாகத் தெரியும். இப்படித் தைத்து வந்த எத்தனையோ துணியை அவளே சிவப்புக்குத் தள்ளியிருக்கிறாள். வீட்டில் ஊசியைப் பிடித்த கை அதையெல்லாம் யோசிக்கவில்லை. அறுந்த பட்டனைக் கண்டால் தைக்கணும் என்று மட்டுமே அதற்குத் தெரிந்திருந்தது.

"நான் காசு குடுத்து எடுத்துக்கறேன் சார்" என்றாள்.

மீசை கெட்டவர் இல்லை. மேலே இருந்த கேமராவைக் கண்ணால் காட்டினார். "ஒருத்தருக்கு விட்டா இருபத்திநாலு பேருக்கும் விடணும்மா. போன மாசம் ஒரு துப்பட்டாவை எடுத்ததுக்கு ஒரு பொண்ணுக்கு வேலையே போனது மறந்துடுச்சா? வெட்டுங்க. என் வேலையும் இதுலதான் இருக்கு."

டீச்சர் வெட்ட எடுத்தாள். "நானே வெட்டறேன்" என்று அக்காக்காரி வாங்கிக்கொண்டாள். ஏன் வாங்கினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. குறுக்கே ரெண்டு, முதுகில் ஒன்று, கையிரண்டும் தனி. கனமான துணி, கத்தரி திணறியது. ரெண்டாவது பட்டன் மட்டும் கழிவுத் தொட்டியில் விழுந்தபோதும் அறவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தங்கச்சி பிள்ளைகளோடு வந்திருந்தாள். வாரத்துக்கு ஒரு நாள் குளிக்க வருவார்கள், ஹாலில் தண்ணீர் போதாது. குளித்த பிள்ளைகள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தன. தங்கச்சி அந்த நைந்த ஸ்வெட்டரோடு டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்த அநியாயத்தைப் பாரேன்" என்று மகள் போனை நீட்டினாள். "அந்தப் பெரிய கோட்டை நாம போட்டுப் பழசாக்கிட்டோமாம். பணம் கிடையாதாம். சரி, கோட்டையாவது திருப்பி அனுப்புங்கன்னு எழுதினேன், சித்திக்காவது ஆகட்டும்னு. அதுக்கு 'பொருள் அகற்றப்பட்டது'ன்னு பதில் வந்திருக்கு. அகற்றப்பட்டதுன்னா என்னம்மா அர்த்தம்?"

அக்காக்காரி போனை வாங்காமல் பையை ஆணியில் மாட்டினாள்.

"விடு கண்ணு" என்றாள் தங்கச்சி. "எனக்கு இந்த ஸ்வெட்டரே போதும். அந்தக் கோட்டை யாரோ ஒரு புண்ணியவதி போட்டுக்குவா."

அதற்கு மேல் தாங்கவில்லை. "யாரும் போட்டுக்க முடியாதுடி" என்றாள் அக்காக்காரி. "நான் வெட்டிட்டேன். மத்தியானம். அதுதான் என் வேலை. திரும்பி வர்றதை வெட்டிப் போடறது."

மகள் போனைக் கீழே வைத்தாள். தங்கச்சி சிரிக்கப் பார்த்தாள், அக்கா முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டாள்.

"புதுசையா?"

"புதுசைத்தான்."

"கோட்டு மட்டும் எத்தனை இருக்கும்? ஒரு நாளைக்கு?"

"முப்பது. குளிர்காலத்துல நாப்பதுகூட."

தங்கச்சி டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க ஹால்ல முப்பத்தெட்டு குடும்பம்" என்றாள். அப்புறம் நிமிர்ந்து, "நான் வந்து கேட்டேனே, அன்னிக்கும் வெட்டிட்டுத்தான் வந்தியா?"

"ஆமா."

"வெட்டிட்டு வந்து, எதுவும் வீணாகாதுன்னு என்கிட்ட சொன்னே."

"வெளிய எடுத்துட்டு வந்தா வேலை போயிடும்டி. பையைச் சோதிப்பாங்க. நான் என்னதான் பண்ணட்டும்?"

"எடுத்துட்டு வரச் சொன்னேனா? முடியாதுன்னு சொல்லியிருந்தா நான் என்ன சண்டையா போட்டிருப்பேன்? வீட்டுக்கே வந்த கோட்டு அது. இவ குடுக்கலாம்னு சொன்னாளாமே."

கத்தியிருந்தால்கூடத் தேவலை. ரெண்டு அறை விட்டிருந்தால் இன்னும் நல்லது. தங்கச்சி மெதுவாக எழுந்தாள், ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றினாள், கையிரண்டையும் உள்ளே மடக்கி ஒழுங்காக மடித்து நாற்காலிமேல் வைத்தாள். பிள்ளைகளுக்குச் செருப்பை மாட்டினாள். "வரேன்" என்று சொல்லவில்லை. மெல்லிய சட்டையோடு கதவைத் திறந்தாள், குளிர் காற்று உள்ளே வந்தது.

"சித்தி, இருங்க சித்தி" என்று மகள் தன் புதுக் கோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடியது. தெருமுனைவரை போய்விட்டு, கோட்டோடேயே திரும்பி வந்தது.

அதற்குள் அக்காக்காரி நாற்காலியிலிருந்த ஸ்வெட்டரை எடுத்திருந்தாள். நெஞ்சோடு அணைத்து அழத்தான் எடுத்தாள். ஆனால் அவள் கை அதன் காலரைத் திருப்பியது, முழங்கை நைவைத் தடவியது, அக்குளைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனது. பள்ளிக்கூட ஹாலின் பினாயில் வாடையும் தங்கச்சியின் வாசமும் அடித்தன.

"என்னம்மா பண்றே?" என்றாள் மகள், வாசலிலேயே நின்றுகொண்டு.