நொண்டிக் கிடாவின் ஏழாம் நிபந்தனை

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. குளிர் உள்ளே வராமல் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். கார்ஸ்லோ ஊர் மதுக்கூடத்தின் உரிமத்தில் ஏழாவது நிபந்தனை எப்படி ஏறியது என்ற கதையைச் சொல்கிறேன். கேட்டு முடித்ததும் எழுந்து போக மனம் வராது, அதற்கு நான் பொறுப்பு.

நொண்டிக் கிடா என்ற அந்த மதுக்கூடம், நவம்பர் பதினொன்றுக்கு அடுத்து வரும் ஞாயிறு தொடங்கி கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வரை, ஞாயிறுதோறும் பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை தரையைவிட்டு எழும்பி நிற்கும். கருங்கல் சுவரும் பலகைக்கல் கூரையும் இரண்டு புகைபோக்கியும் உள்ள கனத்த கட்டடம். உள்ளே அறுபது பேர் கையில் கோப்பையோடு நின்று ஊருக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் பாடுவார்கள். அடுத்த பள்ளத்தாக்கில் அதே சொற்களை வேறு மெட்டில் பாடுகிறார்கள், அதைக் கார்ஸ்லோவில் யாரும் பாட்டென்று ஒப்புக்கொள்வதில்லை. முதல் அடிக்கு ஓர் அங்குலம், கட்டைக் குரல்கள் சேர்ந்தால் இன்னும் ஐந்தாறு அங்குலம், நல்ல ஆண்டாக இருந்தால் இரண்டு அடி வரை கட்டடம் ஏறும். ஆக அதிகம் ஏறியது 1953இல், நான்கு அடி இரண்டு அங்குலம். போர்க்காலத்தில் பெண்களும் இரண்டு கிழவர்களும் மட்டுமே பாடியதால் ஒரு செய்தித்தாளை அடியில் நுழைத்து மறுபக்கம் இழுக்கிற அளவுக்குத்தான் எழும்பியது. ஆனாலும் எழும்பியது. பீப்பாய்கள் இருக்கும் நிலவறை பூமியிலேயே தங்கிவிடும் என்பதால் அங்கிருந்து மேலே வரும் பீர்க் குழாய்களைச் சுருள் சுருளாக நீளம் விட்டு வைத்திருந்தார்கள். மழை நாளில் பாதிரியார் வீட்டுக் கோழிகள் அடியில் வந்து ஒதுங்கும், கடைசிப் பாட்டுக்கு முன்பு யாராவது குனிந்து விரட்டிவிட வேண்டும். அந்தக் காலத்தில் உரிமம் கொடுத்தவர்கள் நீதிபதிகள். அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: தரையிலிருந்து ஒன்பது அங்குலத்துக்கு மேல் இருக்கும்போது வாசற்கதவைத் திறக்கக் கூடாது. பாட்டைப் பற்றி அவர்கள் எதுவும் கேட்கவில்லை. ஜன்னலோரம் நின்று கட்டைக் குரலில் பாடுகிறவர்களில் ஒருவர் நீதிபதிதானே.

அப்பாவுக்குப் பிறகு கடையை நடத்தியவள் மேவிஸ் ஓல்ட்ராய்ட். இந்தக் கதை நடக்கும்போது அவளுக்கு அறுபத்தோரு வயது. எல்லோரையும், வரி வசூலிக்க வந்தவரைக்கூட, ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவாள். பாட்டு நாட்களில் அவள் வேலை, பீர்ப் பம்புகளுக்குப் பின்னால் நின்று கோப்பை நிரப்புவதும் கேட்பதும். எந்தக் குரல் இந்த ஆண்டு இறங்கியிருக்கிறது, யாருக்குச் சளி, யார் வீட்டில் சண்டை என்று முதல் பாட்டு முடிவதற்குள் சொல்லிவிடுவாள்.

2005ஆம் ஆண்டில் உரிமம் கொடுக்கும் வேலை நீதிபதிகளிடமிருந்து நகர மன்றத்துக்குப் போனது. இருபத்தொரு பக்கப் படிவம் ஒன்று வந்தது. மேவிஸ் அதை மேசைமேல் விரித்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். பதினான்காம் பக்கத்தில், இந்த இடத்தில் கேளிக்கை நடைபெறுமா, நடைபெறும் எனில் கட்டத்தில் குறியிடவும் என்று இருந்தது.

“கேளிக்கையா? இங்கயா?” என்றார் அமோஸ் கிராப்ட்ரீ. கல்குவாரியில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர், எண்பத்திரண்டு வயது, பாட்டுக்குச் சுருதி எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். “அறுபது வருஷமா வர்றேன், ஒரு நாளு சிரிச்சது இல்லையே பொண்ணே.”

“அப்ப ஞாயித்துக்கிழமைப் பாட்டு?”

“அது பாட்டு. பொண்டாட்டி சாவுக்கு அழாதவன்லாம் மூணாவது பாட்டுக்கு அழுவுறான். அதப் போயி கேளிக்கைன்னு எழுதுவியா?”

அது சரி என்றே எல்லோருக்கும் பட்டது. மேவிஸ் கட்டத்தை வெறுமனே விட்டுத் தபாலில் போட்டாள். இந்தத் தவறை வேறு எந்த ஊரிலும் செய்திருக்க மாட்டார்கள்.

நவம்பர் பத்தாம் தேதி நகர மன்றத்தின் உரிம அதிகாரி ரேமண்ட் லம்ப் சைக்கிளில் வந்தார். கால்சட்டை நுனியில் கிளிப், கக்கத்தில் தடித்த சட்டப் புத்தகம், பையில் இழுப்பு அளவுநாடா.

“மிஸஸ் ஓல்ட்ராய்ட், கட்டத்துல குறி இல்லையே. இங்க பாடுவாங்கன்னு எங்க பள்ளத்தாக்குல சொல்றாங்க.”

“நீ அந்தப் பக்கத்து ஆளா?” என்றாள் மேவிஸ். “பரவால்ல கண்ணு. அதுல உன் தப்பு என்ன இருக்கு.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கட்டடம் எழும்புவதில் தனக்கு ஆட்சேபணை கிடையாது, கேளிக்கைப் பட்டியலில் எழும்புதல் இல்லை, பாட்டுதான் இருக்கிறது என்று விளக்கினார். அனுமதியில்லாமல் பாடினால் உரிமம் போகும், மேவிஸ் ஆறு மாதம் சிறையில் இருக்கவும் நேரலாம். புதிதாக விண்ணப்பித்து, வெளிர்நீலத் தாளில் அறிவிப்பு எழுதி, நடைபாதையில் நிற்பவர் படிக்கும்படி வாசலில் இருபத்தெட்டு நாள் ஒட்டி வைக்க வேண்டும். பிறகுதான் மன்றம் முடிவு செய்யும். மறுநாளே நீலத்தாளை ஒட்டினார்கள்.

முதல் ஞாயிறு அறுபது பேரும் வந்தார்கள். மசித்த பட்டாணியில் புதினா வினிகர் ஊற்றிச் சாப்பிட்டார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள், ஒருவரும் பாடவில்லை. அன்று கட்டடம் இரண்டு அங்குலம் பூமிக்குள் இறங்கியது. இதற்குமுன் எந்த ஆண்டும் பாட்டு நின்றதில்லை என்பதால் இப்படியொன்று நடக்கும் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறுக்குள் பதினான்கு அங்குலம் ஆகிவிட்டது. நிலவறையில் பீப்பாய் மாற்ற மேவிஸ் முதலில் குனிந்து போனாள், பிறகு தவழ்ந்து போனாள். நீலத்தாள் வருகிறவர்களின் தொப்புளுக்கு நேராக இறங்கியது. ரேமண்ட் வந்து நடைபாதையில் மண்டியிட்டுப் படித்துப் பார்த்து, படிக்க முடிகிறது என்று எழுதிக்கொண்டு போனார். அமோஸ் ஒரு கோலை நட்டு நாளுக்கு நாள் அளந்தார். நாளாக ஆக வேகம் கூடியது. இருபத்தெட்டு நாள் முடிந்து அனுமதி வரும்போது அதை மாட்ட ஒரு சுவரும் மேலே மிஞ்சியிருக்காது என்று கணக்குச் சொன்னார். தெருவில் நின்று பாடிப் பார்த்தார்கள். பால்வண்டி மட்டும் அரை அங்குலம் எழும்பி இறங்கியது.

மேவிஸ் அந்த வீட்டின் மேல்மாடியில் பிறந்தவள். அவளுக்கு வேறு வீடு கிடையாது. படுத்துக்கொண்டு சுவரில் காதை வைத்தால், கல் மண்ணுக்குள் நழுவும் சத்தம் கேட்டது. கேட்பதில் கெட்டிக்காரியாக இருந்ததற்காக அவள் வருத்தப்பட்டது அந்த இரண்டு வாரந்தான்.

மூன்றாவது ஞாயிறுக்கு முந்தின நாள் பிற்பகல், ரேமண்ட் அரைக் கோப்பை பீரை வாங்கி வைத்துக்கொண்டு சட்டப் புத்தகத்தை முதலிலிருந்து படித்தார். அவரை யாரும் படிக்கச் சொல்லவில்லை. நான்கு மணிக்குத் தலையைத் தூக்கினார்.

“கேக்கறவங்க முன்னால பாடினாத்தான் கேளிக்கைன்னு போட்டிருக்கு. எல்லாருமே பாடினா, கேக்கறவங்க யாரு?”

“யாரும் இல்ல,” என்றார் அமோஸ்.

“அப்ப கேளிக்கையும் இல்ல, குத்தமும் இல்ல. உள்ள இருக்கற ஒருத்தர்கூட சும்மா கேக்கக் கூடாது, அவ்வளவுதான்.”

“நாயி?” அமோஸ் மேசைக்கடியில் படுத்திருந்த கடை நாயைக் காட்டினார்.

“ஊளையிடுமா?”

“ரெண்டாவது பாட்டுல, எப்பவும்.”

“அப்ப அதுவும் பாடற பக்கம்தான்.”

எல்லோரும் சிரித்தார்கள், பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்திப் பம்புகளின் பக்கம் திரும்பினார்கள். மேவிஸ் காய்ந்த கோப்பையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நான் வெளிய நின்னுக்கறேன்,” என்றாள்.

“உரிமம் உங்க பேர்ல இருக்கு. நீங்க உள்ள இல்லாம ஒரு சொட்டு விக்க முடியாதே,” என்றார் ரேமண்ட்.

“அப்ப பீர் வேணாம்.”

“பீர் இல்லாமப் பாடுறதுக்குத்தான் சர்ச்சு இருக்கே,” என்றார் அமோஸ். “ஏன் பொண்ணே, உன்னால ஆகாதா?”

அவளால் ஆகாது. ஏழு வயதில் ஞாயிறு பள்ளியில் ஆசிரியை அவளைத் தனியே அழைத்து, கன்னத்தைத் தட்டி, மற்றவர்கள் பாடும்போது நீ வாயை மட்டும் அசை கண்ணு என்று சொல்லியிருந்தார். அன்பாகத்தான் சொன்னார், அதனால்தான் அது ஆறவில்லை. தன் கல்யாணத்திலும் அப்பாவை அடக்கம் செய்த அன்றும் மேவிஸ் வாயை மட்டுமே அசைத்தாள். ஐம்பத்து நான்கு வருடம் அவள் குரல் எப்படி இருக்கும் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

மறுநாள் எல்லோரும் தெருவிலிருந்து இரண்டு படி இறங்கி உள்ளே போனார்கள். ரேமண்டும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். கேட்டால் அவரும் கேட்பவராகிவிடுவார் என்பதால் அவரும் பாடியாக வேண்டியிருந்தது. அமோஸ் சுருதி கொடுத்தார். அறுபது பேரும் தொடங்கினார்கள், நாயும் சொன்ன இடத்தில் சேர்ந்துகொண்டது. கட்டடம் முனகியது, ஆனால் அசையவில்லை. முதல் பாட்டு முடிந்தபோது ரேமண்ட் மேசைக்குக் குறுக்கே சாய்ந்து தாழ்ந்த குரலில் சொன்னார்:

“மிஸஸ் ஓல்ட்ராய்ட், வாயை அசைச்சா மட்டும் சட்டம் ஒத்துக்காது.”

“தெரியுது கண்ணு,” என்றாள். “எனக்கு எங்க ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல.”

“எங்க வேணா ஆரம்பி,” என்றார் அமோஸ். “நாங்க வந்து சேந்துக்கறோம்.”

மேவிஸ் பம்பின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு பாடினாள். உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா, நல்ல குரல் இல்லை. மெட்டுக்கு ஒன்றரைப் படி கீழே, வாத்துக் கூட்டம் சாலையைக் கடப்பது போல இருந்தது. ஆனால் பெரிய குரல். ஐம்பத்து நான்கு வருடத்தில் ஒரு துளியும் செலவாகாத குரல். பம்புகள் இருந்த மூலை முதலில் மண்ணைவிட்டுப் பிய்த்துக்கொண்டு கிளம்பியது, மற்ற மூன்று மூலைகளும் அதன் பின்னால் வந்தன. கோப்பைகள் எல்லாம் கணப்படுப்புப் பக்கம் வழுக்கிக்கொண்டு போக, அந்தப் பக்கம் நின்றவர்கள் பாடிக்கொண்டே பிடித்துக்கொண்டார்கள். ரேமண்ட் ஜன்னல் வழியே அளவுநாடாவை இறக்கிப் பார்த்தார்: பம்புப் பக்கம் பதினாறு அங்குலம், கணப்புப் பக்கம் பத்து. உணர்ச்சியில் தன் பள்ளத்தாக்கின் மெட்டுக்குப் போய்விட்டார். அன்று ஒரு நாள் அதை மன்னித்தார்கள்.

அதற்கடுத்த ஞாயிறுகளும் அப்படியே போயின, ஒருவரும் கேட்காமல், எல்லோரும் பாடி. ஆட்சேபணை என்று யாரும் எழுதவில்லை. டிசம்பர் இருபத்தொன்றில் அனுமதி வந்தது, ஆறு நிபந்தனைகளோடு: மது யாருக்கு விற்கலாகாது, எத்தனை பேர் இருக்கலாம், ஒன்பது அங்குலத்துக்கு மேல் கதவு திறக்கலாகாது என்பது பழையபடி, ஜன்னல்கள், தீயணைப்பான், கடைசியாக, கேட்க மட்டும் வருகிறவர்களையும் இனி உள்ளே விடலாம் என்பது.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸே ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மேவிஸ் இனிப் பாட வேண்டியதில்லை. அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை, பாடு என்று யாரும் கேட்கவுமில்லை. முதல் பாட்டை அவள் பழையபடி பம்புக்குப் பின்னால் நின்று கேட்டாள். கட்டடம் மட்டம் வைத்துத் தூக்கியதுபோல நேராக ஏறியது, அவள் அப்பா காலத்தில் ஏறியதுபோல. கோப்பைகளில் பீர் ஆடவில்லை. அமோஸின் குரல் போன ஆண்டைவிட இறங்கியிருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு குரலும் தெரிந்தது, சிறுமியாய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்ட குரல்களில் எது எது இல்லை என்பதும் தெரிந்தது. அத்தனை இனிமையாக அவள் அதைக் கேட்டதேயில்லை.

பாட்டு முடிந்ததும் அமோஸ் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

“பொண்ணே, வீடு நேரா நிக்குது.”

“ஆமா, அழகா நிக்குது.”

“எனக்குத் தல சுத்துது,” என்றார் அவர். “பழகிடுச்சு, என்ன பண்றது. சாய்ச்சு விடேன்.”

மேவிஸ் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், இரண்டாம் பாட்டைத் தானே எடுத்தாள். பம்புப் பக்கம் ஆறு அங்குலம் தூக்கிக்கொண்டு நின்றது. அறுபது பேரும் கோப்பை வைக்கும் அட்டைகளை மடித்துக் கோப்பைகளுக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டார்கள்.

ஜனவரியில் ஊரே கையெழுத்திட்டு மன்றத்துக்கு மனு எழுதியது. ரேமண்ட் லம்ப் ஏழாவது நிபந்தனையைத் தன் கையாலேயே எழுதிச் சேர்த்தார்: ‘பாடும் வேளையில் கட்டடத்தின் பம்புப் பக்கம் மற்றப் பக்கத்தைவிட ஆறு அங்குலம் வரை உயர்ந்து நிற்கலாம். உரிமதாரர் பாடுவதை எவரும் தடுக்கலாகாது.’ மன்ற உறுப்பினர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதை விவாதமின்றி நிறைவேற்றினார்கள்.

அமோஸ் அதற்குப் பின் மூன்று பருவம் பாடிவிட்டுப் போனார், அவர் போன ஆண்டு ஏற்றம் இரண்டு அங்குலம் குறைந்தது. ரேமண்ட் ஓய்வு பெற்று, கார்ஸ்லோ மெட்டைக் கற்றுக்கொண்டு, ஜன்னலோரம் நிற்கிறார். அவருடைய சொந்த ஊரில் சிலர் அவரோடு பேசுவதில்லை. மேவிஸுக்கு எண்பது தாண்டிவிட்டது. இன்னமும் ஒன்றரைப் படி கீழேதான் பாடுகிறாள். புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் ஞாயிறு கையைப் பிசைவார்கள், இரண்டாம் ஞாயிறு தங்கள் கோப்பைக்கு அட்டை மடிப்பார்கள்.

கண்ணுகளா, உங்கள் வீட்டில் பாடத் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே கூரைக்குக் கீழே வாய்விட்டுப் பாடட்டும். கூரை கொஞ்சம் சாய்ந்தாலும் இறங்காமல் இருக்கட்டும். அடுப்பில் சூடும் பானையில் சோறும் குறையாமல், பல்லாண்டு சேர்ந்து இருங்கள்.