நம்நம் தளிர்

சவப்பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் சட்டைக் காலரை நிரஞ்சனா சரிசெய்துகொண்டிருந்தபோது வெளியே ரம்பம் இரைந்தது. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அழுதுகொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் செருப்பில்லாமல் ஓடினாள்.

குடியிருப்பாளர் தோட்டத்து மூலையில், அப்பா எட்டு வருடமாக வளர்த்த நம்நம் மரம் புல்லில் கிடந்தது. முழங்கால் உயரத்துக்கு அடிமரம் மட்டும் மிச்சம். அண்ணன் ஷங்கர் கூடாரம் போட வந்தவருக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தான்.

“யாரு வெட்டச் சொன்னா?”

“நான்தான் லா. மழை வருது, நாற்காலி போட எடம் வேணாமா? செத்த மரம்தானே.”

“செத்த மரமா?”

“எலையெல்லாம் வெளுத்து ஈரத்துணி மாதிரி தொங்குது, பாக்கல?”

“அது தளிரு! நம்நம் அப்படித்தான் தளிர் விடும். பிங்க்கா தொங்கும், அப்புறம் பச்சையாகி நிமிரும். ஒவ்வொரு தடவையும் அப்பா குரூப் சாட்ல படம் போட்டாரே, ஒண்ணையாவது தொறந்து பாத்தியா நீ?”

ஷங்கர் செல்பேசியைச் சட்டைப்பைக்குள் தள்ளினான்.

“சும்மா கத்தாத. எட்டு வருஷத்துல ஒரு பழம் கண்டோமா?”

அறைந்துவிடுவாள் போல நெருங்கியவள், அடிமரத்தைப் பார்த்து நின்றாள். பட்டையின் முண்டுகளில், மண்ணுக்கு ஒரு சாண் மேலே, அரிசி அரிசியாய் வெள்ளைப் பூக்கள்.

ஆஸ்பத்திரியில் தினமும் அப்பா கேட்டது ஒன்றுதான். “பூத்துருச்சாம்மா?” தினமும் தண்ணீர் ஊற்றிவிட்டு, கிளைகளை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய், “இன்னும் இல்லப்பா” என்றாள். நேற்று முன்தினமும் அதையேதான் சொன்னாள்.

“என்ன?” என்றான் ஷங்கர்.

“ஒண்ணுமில்ல. போ. எம்பக்கத்துல நிக்காத.”

வாய்க்கரிசி போடும்போதும் அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு மணிக்கு வண்டி மண்டாய் தகனச்சாலைக்குக் கிளம்பியது. அவள் போகவில்லை. அங்கேயே தங்கிய பெண்கள் கீழ்த்தளத் தரையைக் கழுவ வாளிகளில் தண்ணீர் பிடித்தார்கள்.

“நிரஞ்சி, எங்க தூக்கிட்டுப் போற? முதல்ல பெட்டி இருந்த எடத்துல ஊத்தும்மா” என்றாள் அண்ணி நிவேதிதா.

நிரஞ்சனா நிற்கவில்லை. தண்ணீர் தளும்பிக் கால்களை நனைத்தது. கூடாரத்துக்கடியில் நாற்காலிகளை இரண்டு பக்கமும் உதைத்துத் தள்ளினாள். அடிமரத்தருகே மண்டியிட்டு வாளியைச் சாய்த்தாள். பூக்களின் மேல் தண்ணீர் விழாமல் இடது கையைக் குவித்து மறைத்துக்கொண்டாள்.