தாளிக்காத ரசம்

சங்கரன்கோவிலிலிருந்து கல்யாணமாகி வந்த பொன்மணிக்கு அபிராமபுரத்தில் கோமளம் மாமி வீட்டில் நாலு மாதமாகச் சமையல் வேலை. அன்று ரசத்துக்குக் கடுகை எடுத்தவளை மாமி அடுக்களை வாசலில் நின்று தடுத்தாள்.

"இன்னிக்குத் தாளிக்க வேண்டாம். மாமாவுக்கு வயிறு சரியில்லை."

வயிறு சரியில்லாத மாமா ஐந்தாவது இட்லியை மிளகாய்ப்பொடியில் புரட்டிக்கொண்டிருந்தார்.

தாளிப்புச் சத்தம் கேட்காத வீட்டில் அம்மை இருக்கும் என்று பொன்மணியின் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மாமியின் மகள் ஹம்சினியின் அறை வேறு மூன்று நாளாகச் சாத்தியே கிடந்தது. பால் கொண்டுபோகும் சாக்கில் எட்டிப் பார்த்தாள். தலையணையோரம் வேப்பிலைக் கொத்து. பிள்ளையின் கன்னமெல்லாம் செம்புள்ளி. கேட்டதற்கு வேர்க்குரு என்றாள் மாமி. ஏ.சி. ஓடும் அறையில் வேர்க்குரு.

மறைத்தது மாமி மட்டுமல்ல. வேலை போய்விடுமென்று பத்து வாரக் கர்ப்பத்தை இவளும் வாய்திறக்காமல் வைத்திருந்தாள். முதல் மூன்று மாதத்தில் ருபெல்லா அம்மை தாய்க்கு ஒட்டினால் பிள்ளையின் கண், காது, இதயம் கெடலாம் என்று சுகாதார நிலைய நர்ஸ் நஸ்ருன்னிசா சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது.

"மாமி, நான் முழுகாம இருக்கேன். அது என்ன அம்மைன்னு சொல்லிருங்க."

மாமி முகம் வெளுத்தது. டாக்டர் சீட்டை நீட்டினாள். ருபெல்லாவேதான்.

"நீ மட்டும் சொன்னியோடி? தெரிஞ்சிருந்தா ஆத்துக்குள்ளயே விட்டிருக்க மாட்டேனே."

சுகாதார நிலையத்துக்கு ஓடியவளிடம், இதற்கான தடுப்பூசி போட்டிருக்கிறாயா என்று நஸ்ருன்னிசா கேட்டாள். இல்லை. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கே போட வந்தார்கள். பின்னால் பிள்ளை பிறக்காது என்ற வாட்ஸப் வதந்தியை நம்பி அப்பா வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். கர்ப்பத்தில் இந்த ஊசி போடக் கூடாது, ரத்தம் பார்ப்போம் என்றாள் நஸ்ருன்னிசா.

அம்மாவுக்குப் போன் போட்டு அழுதாள். அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"ஏட்டி, அப்பாட்ட சொல்லிராத. சின்னதுல உனக்குக் கால்ல ஆணி குத்துனப்ப ஆஸ்பத்திரியில ரெண்டு ஊசி போட்டாவல்லா? ரெண்டாவது அந்த அம்மை ஊசிதான்."

அழுகையை அடக்கச் சொல்லும் பொய்யோ? எல்லாரும் மறைக்கிற காலத்தில் அம்மாவை மட்டும் எப்படி நம்புவது? பொன்மணி கையை நீட்டி ரத்தம் கொடுத்தாள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். பழைய ஊசியின் காவல் இருக்கிறது, புதுத் தொற்று இல்லை என்றது முடிவு.

ஹம்சினி பள்ளிக்கூடம் போகிறாள், வேலைக்கு வா என்று மாமி கூப்பிட்டாள்.

"வர்றேன் மாமி. ஆனா தாளிக்க வேண்டாம்னா, ஏன்னு முதல்ல சொல்லிரணும்."