ஆட்டுக்குட்டி ஏறிய குன்று

இருபது வருஷமாக ஊர்ச் சாலைச் சங்கத்துக்குத் தலைவராக இருந்த தாவெத்திக்கு, அறுபதாவது பிறந்தநாளில் பதக்கம் தருவதென்று முடிவாகியிருந்தது. 'சாலையைச் செவ்வனே காத்தமைக்கு' என்று அதில் பொறித்திருந்தார்கள். பதக்கம் இப்போது விருந்தாளிகளோடு குன்றின் அடியில், பஸ்ஸுக்குள் இருந்தது. தாவெத்தி உச்சியில், தன் வீட்டு வாசலில் கோட்டு சூட்டோடு நின்றார். இடையில் கிடந்தது, அவர் காத்த சாலை.

உறைந்த பனிமேல் விடியற்காலை மழை பெய்து, சாலை எண்ணெய் தடவின கண்ணாடியாகியிருந்தது.

அவரிடம் பெரிய டிராக்டர் இருந்தது. சக்கரமே ஆள் உயரம். ஆனால் பனியில் வழுக்காமலிருக்க அதன் சக்கரங்களில் சுற்றியிருந்த சங்கிலிகளை நேற்றுத்தான் கழற்றிக் கொட்டகையில் மாட்டியிருந்தார். விருந்துக்காக வாசலில் பதித்த புதுக் கல்லில் கீறல் விழக்கூடாதே! காலையில் சங்கிலி இல்லாமலே வண்டியை எடுத்தார். அது வாசல் தாண்டியதும் நிதானமாகத் திரும்பி, பள்ளத்தில் போய்ச் சாய்ந்தது.

"ஏங்க, ஹெல்லெவியக் கூப்பிடுங்க. காபி ஆறிப்போகுது," என்றாள் மனைவி ராய்லி.

"அந்த ஆட்டுக்குட்டியையா?"

"பின்ன? உங்க யானைதான் பள்ளத்துல படுத்திருக்கே!"

ஹெல்லெவி, பள்ளிக்கூடச் சமையல்காரி, அடிவாரத்தில் இருந்தாள். அவளுடைய பழைய கார் இரும்புக் கடைக்குப் போனபோது, ஆணி பதித்த பனிக்கால டயர்கள் மட்டும் மிஞ்சின. அவற்றைத் தன் குட்டி டிராக்டருக்கு முன்னால் போட்டாள். பின்னால் ஒரு வேனின் பனிக்கால டயர்கள். சங்கக் கூட்டத்தில் தாவெத்திதான் கேட்டார்: "ஏம்மா, இது டிராக்டரா, புதுச் செருப்பு போட்ட ஆட்டுக்குட்டியா?" மண்டபமே சிரித்தது. "செருப்பு வழுக்கலேன்னாச் சரி, தலைவரே," என்றாள் அவள்.

ராய்லியே போன் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கீழே புள்ளியாக ஒன்று அசைந்தது. பின்னால் விறகுப் பெட்டி. அதற்குள் மாவட்ட அதிகாரி, மடியில் பதக்கப் பேழையோடு. வறுத்த கடலை மெல்லும் சத்தத்தில் ஆணிகள் பனியைக் கடித்தபடி வந்தன. மிகச் செங்குத்தான வளைவில் வண்டி நின்றது. அதிகாரியின் தொப்பி விழுந்துவிட்டதாம். ஹெல்லெவி இறங்கி, தடுமாறி நடந்து, அதை எடுத்துக் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

அந்த இடத்தில் நின்ற வண்டி எதுவும் மறுபடி கிளம்பி தாவெத்தி பார்த்ததில்லை.

கிளம்பியது. ஒரு சக்கரம்கூடச் சும்மா சுற்றவில்லை. படி ஏறுவது போல ஏறி, புதுக் கல்லின் மேலேயே வந்து நின்றது. தாவெத்தி கல்லைப் பார்க்கவில்லை. குனிந்து, கையுறையைக் கழற்றி, டயரைத் தடவினார். அந்தக் குளிரிலும் ரப்பர் மெத்தென்றிருந்தது.

"தலைவரே, பதக்கம் அந்தப் பக்கம் இருக்கு," என்றாள் ஹெல்லெவி.

அதிகாரி அவர் கோட்டில் பதக்கத்தைக் குத்தினார். தாவெத்தி மனப்பாடம் செய்திருந்த உரை வரவே இல்லை.

"மத்தவங்களக் கூட்டிட்டு வரணும், நான் கிளம்பறேன்."

"ஹெல்லெவி... நானும் வரட்டுமாம்மா?"

"பெட்டியில மரத்தூளா இருக்கும். கோட்டு பாழாப்போயிடும்."

"போகட்டும்."

வளைவு வந்ததும், "இங்க கொஞ்சம் நிறுத்தும்மா," என்றார். நின்றது. காடு, உறைந்த ஏரி, வெள்ளை வானம். கம்பியைப் பிடித்திருந்த கையை மெதுவாக விட்டார். வண்டி அசையவில்லை. பதக்கத்தில் மரத்தூள் படிய, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார் சாலைத் தலைவர்.