பத்துக் குழி, எட்டுச் சத்தம்

கல்லின் மேல் ஒரு கை படுத்திருக்கிறது, ஆறு விரல், சுண்டுவிரலை ஒட்டி முளைத்த ஆறாவதில்கூட நகம் சுத்தமாக இருக்கிறது, விரல்கள் நெருக்கி ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கின்றன, உச்சி வெயில் அதன் மேல் விழுகிறது, தம்பி வெள்ளைக்கண்ணு திரி அளக்கிறான், அப்படித்தான் நான் நினைத்துக்கொள்கிறேன், கைக்கு அடியில் கறுத்த வெடித்திரி ஓடுகிறது, ஒரு கை, இரண்டு கை, மூன்று கை என்று எடுத்து எடுத்து வைக்கிறான், எல்லாத் திரிக்கும் இரண்டு முழம் பொது, அது பற்றவைத்தவன் ஓடி ஒளிய, அதற்கு மேல் முதல் குழிக்கு ஒரு கை, அடுத்த குழிக்கு இரண்டு கை, அப்போதுதான் குழிகள் வரிசையாக வெடிக்கும், ஒரு விரல் அகலத் திரி எரிய ஒரு மூச்சு ஆகும், எங்கள் கல் குவாரியில் கடிகாரம் பார்த்து யாரும் வெடி வைத்ததில்லை. இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடு வரவில்லை என்று வாத்தியார் முட்டியைப் பெயர்த்ததில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவள் நான், ஆனால் மடங்கு என்றால் என்ன என்று என் உள்ளங்காலுக்குத் தெரியும், ஆறின் மடங்கு என்றால் ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்துநாலு, நடுவில் ஏழில் நிற்காது, பத்தில் நிற்காது, தன் கையை எடுத்து வைக்கிற இடத்தில் மட்டும் வந்து உதைக்கும்.

மேல்பாறை தம்பியுடையது, கீழ்ப்பாறை என் புருஷன் சேவுகனுடையது. சேவுகனுக்கு வலது கையில் நாலு விரல்தான், மருந்தைக் கிளப்பும் கேப் குப்பியைப் பல்லால் கடித்து நசுக்கித் திரியில் மாட்டுகிற பெரிய சூரன், ஒருநாள் கை நழுவியதில் அது வெடித்துக் கட்டைவிரலோடு போயிற்று, பல் தப்பியது அவன் அதிர்ஷ்டம், என் துரதிர்ஷ்டம். அவன் திரியில் நாலு விரல் நாலு விரலாக அளப்பான், நாலு, எட்டு, பன்னிரண்டு, பதினாறு, இருபது, இருபத்துநாலு, கீழ்ப்பாறையில் ஆறு குழி, மேல்பாறையில் தம்பிக்கு நாலு குழி, ஆக மொத்தம் பத்து. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கல் உடைக்கிறவர்கள் எல்லாம் ஏறிப் போனபின், துரைராசு மேஸ்திரி ஊதும் ஒரே விசிலுக்கு இரண்டு பேரும் திரிக்கட்டைப் பற்றவைத்துவிட்டு நான் நிற்கும் புங்கமரத்தடிக்கு ஓடி வருவார்கள், என் கையில் சிவப்புக் கொடி, வெறுங்கால், முதல் வெடி எப்போதும் சேவுகனுடையது, அதை நாலு என்று வைத்துக்கொண்டு மூச்சை எண்ணுவேன், ஆறில் தம்பி, எட்டில் சேவுகன், பன்னிரண்டில் இரண்டு பேரும் சேர்ந்து. பன்னிரண்டு நாலுக்கும் சொந்தம், ஆறுக்கும் சொந்தம், அங்கே இரண்டு குழியும் ஒன்றாக வெடிக்கும், காதுக்கு ஒரே சத்தம், இருபத்துநாலிலும் அப்படியே. பத்துக் குழிக்கு எட்டுச் சத்தம் என்று மேஸ்திரிக்குப் பழகிப்போயிற்று, தகரக் கொட்டகைக்குள் பூட்ஸ் காலோடு உட்கார்ந்து எட்டு எண்ணியதும் கையை அசைப்பார், நான் பச்சைக் கொடி காட்டுவேன். இரண்டு பேரும் ஒரே அளவில் திரி வெட்டினால் இந்தக் குழப்பம் எதற்கு என்று புதிதாக வந்த லாரி டிரைவர் ஒருவர் கேட்டார், எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள், அவனவன் கைதான் அவனவனுக்கு அளவு, அடுத்தவன் அளந்த திரிக்கு இங்கே யாரும் தீ வைக்கமாட்டார்கள். மேஸ்திரிக்குக் காதில் எட்டு, எனக்குக் காலில் பத்து, பன்னிரண்டிலும் இருபத்துநாலிலும் பாறை என் குதிகாலை இரட்டையாக உதைக்கும், பல் கிட்டிக்கும், அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, கேட்கிறவர்களிடம்தானே சொல்லலாம்.

சேவுகன் அறைந்தால் கன்னத்தில் நாலு தடம் விழும். ஒன்றோடு நிறுத்தத் தெரியாதவன், முதுகில் எட்டு, தொடையில் பன்னிரண்டு, குழம்பில் உப்பு குறைந்தால் எட்டு, தம்பியோடு சிரித்துப் பேசினால் பதினாறு, கல்லானாலும் கணவன் என்று அம்மா சொன்னாள், அம்மா, நாங்கள் கல்லுக்கு வெடி வைக்கிறவர்கள் என்று சொல்ல நினைத்தேன். தம்பி என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கழுத்தைப் பார்ப்பான், என்னக்கா, எட்டா பன்னெண்டா என்பான், கதவுல இடிச்சிட்டேன்டா என்பேன், ஒனக்கு மட்டும் கதவு நாலு விரலோட வருதோ என்பான். ஒருநாள் டீக்கடை வாசலில் எல்லோரும் பார்க்கச் சேவுகனை ஒரே அறை, கிளாஸ் தெறித்தது, சேவுகன் வாயில் ரத்தம், தம்பி குரலை உயர்த்தவேயில்லை, இன்னொரு தடவ எங்கக்கா மேல தடம் பாத்தேன், மேல்பாறையில வச்சுத் தூக்கிருவேன் மச்சான். சேவுகன் கன்னத்தைத் தடவிக்கொண்டே எழுந்து சிரித்தான். அதன்பின் ஒரு மாதம் என் மேல் கை வைக்கவில்லை, நானும் பைத்தியக்காரி, தீர்ந்தது என்று நம்பினேன், பூச்சியமும் எல்லா எண்ணுக்கும் மடங்குதான் என்று பிற்பாடு மகள் பாடம் படிக்கையில்தான் கேட்டேன், அவன் அடிக்காத நாளும் அடியின் கணக்கில் சேர்ந்ததுதான்.

ஒரு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, மகள் சுகப்பிரியா கஞ்சியைத் தட்டிவிட்டாள், ஐந்து வயது, தட்டிவிட்டு என்னைப் பார்த்தாள், நான் துணி எடுக்கத் திரும்பினேன், சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தால் பிள்ளை சுவரோரம் கிடக்கிறாள், அழவில்லை, வாயைத் திறந்து மூச்சுக்கு அலைகிறாள், அந்தச் சின்னக் கன்னத்தில் இடம் போதாமல் நாலு தடமும் காதுவரை ஏறியிருந்தன. சேவுகன் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானும் போனேன், கொடியை எடுத்தேன், புங்கமரத்தடியில் நின்றேன், விசில், இரண்டு பேரும் ஓடி வருகிறார்கள், தம்பிக்கு இன்னும் தெரியாது, சேவுகன் என் பக்கத்தில் நின்று மூச்சு வாங்குகிறான், நாலு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, பாறை இரட்டையாக உதைக்கிறது, பதினாறு, பதினெட்டு, இருபது, நான் காலை அழுத்தி ஊன்றுகிறேன், இருபத்துநாலு.

லேசாக விழுந்தது, ஒற்றை உதை, பல் கிட்டிக்கவில்லை. ஒரு குழி வெடிக்காமல் மருந்தோடும் கேப்போடும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது, நமுத்த திரியாக இருக்கும், கீழ்ப்பாறையின் கடைசிக் குழியா மேல்பாறையின் கடைசிக் குழியா, இருபத்துநாலு இரண்டு பேருக்கும் பொது, எது என்று காலுக்குத் தெரியாது. மேஸ்திரி எட்டு எண்ணிவிட்டுக் கையை அசைத்தார். சிவப்பை இறக்காமல் நின்றிருந்தால் போதும், ஒன்று குறையுது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆனால் என் கண்ணுக்குள் அந்த நாலு தடம் காதுவரை ஏறிக் கிடக்கிறது, நான் பச்சைக் கொடியை எடுத்து ஆட்டினேன், நன்றாக ஆட்டினேன், சேவுகன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடப்பாரையோடு இறங்கினான், தம்பியும் கடப்பாரையைத் தூக்கினான், டேய், தண்ணி குடிச்சிட்டுப் போடா என்றேன், தாகமில்லக்கா என்றான், குடிடா என்று சொம்பை அவன் கையில் திணித்தேன், ஆறு விரலும் சொம்பைச் சுற்றிப் பிடிக்கின்றன, அண்ணாந்து குடிக்கிறான், தொண்டை ஏறி இறங்குகிறது, நான் கீழே பார்க்கிறேன், சேவுகன் முதல் குழியில் குனிகிறான், இரண்டாவதில், மூன்றாவதில், வெடிடா வெடிடா என்று என் பல் அரைக்கிறது, கடைசிக் குழியை அவன் தூரத்தில் நின்றே வெகுநேரம் பார்க்கிறான், கல்லை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறான், ஒன்றும் நடக்கவில்லை. நிமிர்ந்து மேலே கையைக் காட்டினான், என் ஆறும் சுத்தம், ஏறு மாப்ள.

அப்படியென்றால் அது மேலே இருக்கிறது. தம்பி சொம்பை வைத்துவிட்டு நடக்கிறான், நாற்பது காலடி இருக்கும் மேல்பாறைக்கு, நாற்பதும் எனக்கு இருந்தன, வாயில் வார்த்தை இருந்தது, சொன்னால் தெரிந்துதானே பச்சையை ஆட்டினாய் என்று கேட்பார்கள், கேட்பதற்குமுன் சேவுகன் என்னை வெட்டுவான், நான் போனால் அந்தச் சுவரோரத்தில் பிள்ளை தனியாக அவனோடு கிடப்பாள், இதையெல்லாம் அந்த நாற்பது காலடிக்குள் யோசித்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன், ஊமை கண்ட கனவு மாதிரி வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை, கடைசியில் தம்பீ என்று கத்தியபோது அவன் கடப்பாரையைக் குழியோரக் கல்லில் இறக்கிவிட்டான், என்னக்கா என்று திரும்பிய பாதி முகம்தான் நான் பார்த்தது, பாறை என் குதிகாலை உதைத்தது, பல் கிட்டித்தது, மண்ணும் கல்லும் புங்க இலையுமாக மேலே விழுந்தன. புகை இறங்கியபின் ஓடினோம், கல்லின் மேல் ஒரு கை படுத்திருந்தது, மணிக்கட்டுவரை, ஆறு விரல், நகம் சுத்தமாக, அதற்கு அடியில் திரி இல்லை. மேஸ்திரி நான் எட்டு எண்ணினேன் என்று தலையில் அடித்துக்கொண்டார், போலீஸ்காரர் என்னைக் கேட்டார், எட்டு என்றேன், பொய் இல்லை, எட்டுத்தான்.

ஆறு வருஷம், குவாரி மூடி இரண்டு வருஷம், சேவுகன் குடிக்கிறான், நான் வீட்டு வாசலில் ஜல்லி உடைக்கிறேன், தடங்கள் நாலு நாலாக வந்துகொண்டுதான் இருக்கின்றன, தடுக்க ஆறு விரல் இல்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம், சுகப்பிரியா ஆறாம் வகுப்புக் கணக்கை வாசலில் வைத்துப் போடுகிறாள், நாலின் மடங்கு ஒரு வரி, ஆறின் மடங்கு ஒரு வரி, இரண்டிலும் வருகிறதை வட்டம் போட வேண்டுமாம், பன்னெண்டு வருதும்மா, இருபத்துநாலும் வருதும்மா என்று பென்சிலால் சுழிக்கிறாள், நான் சுத்தியலை நிறுத்திவிட்டேன். துவைகல்லில் சாய்ந்து கிடந்த சேவுகன் சிரித்தான், டீக்கடையில் சிரித்த அதே சிரிப்பு, பிள்ளை தண்ணீர் குடிக்க உள்ளே போனதும் சொன்னான். அன்னைக்கு இருபத்துநாலு லேசாத்தேன் விழுந்துச்சு, நீ மட்டுந்தேன் கேட்டயாக்கும், எனக்கும் குதிகால் இருக்குல்ல. நீ பச்சய ஆட்டுனப்பவே தெரியும்டி, என்னயத்தேன் அனுப்புறன்னு. என் ஆறயும் பாத்துட்டுத்தேன் அவனக் கூப்பிட்டேன். சொல்லிவிட்டுக் கண்ணை மூடினான், கை துவைகல்லின் மேல் மல்லாந்து விழுந்தது, குறட்டை வந்துவிட்டது.

நான் கேட்டதும் அவன் கேட்டதும் ஒரே மூச்சில், இருவரும் சேர்ந்து ஒருவனைக் கொன்றோம், ஊருக்கு ஒரு சத்தம்தான் கேட்டது, இத்தனை வருஷம் நான் ஒருத்திதான் என்று நினைத்து அவன் அடியெல்லாம் எனக்குச் சேரவேண்டியது என்று வாங்கிக்கொண்டிருந்தேனே, பாவி. சுகப்பிரியா வந்து அடுத்த கணக்கை வாசித்தாள், நாலு, ஐந்து, ஆறு, மூணும் சேர்ற மொத நம்பர் என்னம்மா, எனக்கு எப்படித் தெரியும், நீயே போடு என்றேன், போட்டாள், மூன்று வரி எழுதினாள், அடிக்குப் பயந்து பழகிய பிள்ளை, எழுத்துகூடச் சின்னதாக இருக்கும், கடைசியில் அறுபதும்மா என்றாள், அதுக்கு முன்ன எங்கயும் சேராதா என்று கேட்டேன், சேராதும்மா. கடைக்குப் போய் உப்பு வாங்கிட்டு வா, மெதுவாக வா, அவசரமில்லை என்று அனுப்பினேன்.

தெருமுனையில் அவள் திரும்பியதும் எண்ணத் தொடங்கினேன், செருப்பைக் கழற்றிவிட்டேன், நாலில் அவன், ஐந்தில் நான், ஆறில் தம்பி, எட்டில் அவன், பத்தில் நான், பன்னிரண்டில் அவனும் தம்பியும், இருபதில் அவனும் நானும், இருபத்துநாலு வந்தபோது புங்கமரம் தெரிந்தது, கொடி தெரிந்தது, இப்போதும் சொல்லலாம் என்று ஒரு மூச்சு நினைத்தேன், யாரிடம், முப்பதில் நானும் தம்பியும், தம்பி அண்ணாந்து தண்ணீர் குடிக்கிறான், ஐம்பதில் சுத்தியலை வலது கையில் எடுத்தேன், ஐம்பத்தெட்டில் குனிந்து என் இடது கையை விரித்து அவன் கைமேல் வைத்தேன், அவன் நாலு, அதன்மேல் என் ஐந்து, அடியில் வெயிலில் காய்ந்த கல், கல்லின் மேல் ஆறு விரல் படுத்திருக்கிறது, எனக்குத் தெரிகிறது, ஐம்பத்தொன்பதில் சுத்தியலைத் தலைக்குமேல் தூக்கினேன், அறுபதில் அந்தக் கைகளின் மேல் இறக்கினேன். தெருவுக்குக் கேட்டது ஒரே சத்தம்தான். என் குதிகாலில் மூன்று உதைத்தது.